ஆளியா, தாளமா? நினைவு பற்றிய ஒரு விஞ்ஞான நூலின் மதிப்பீடு

உவமையின் துணையின்றி விஞ்ஞானத்தைப் பொதுவாசகருக்கு எடுத்துரைத்தல் அரிது. கண்ணுக்குப் புலனாகாத பொருளை, முன் கண்டறிந்த பொருளொன்றைக் கொண்டே உணர்த்த வேண்டியிருத்தலின், உயிரியலறிஞரும் புலவரைப் போலவே உவமையையும் உருவகத்தையும் நாடுகின்றனர். அணியிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர், உவமானத்துக்கும் உவமேயத்துக்கும் பொதுவாயுள்ள தன்மை யாது என மாணவரை வினவுதல் வழக்கம். முகத்தை மதியென்றால் ஒளியும் தண்மையுமே பொதுத்தன்மை. மதியின் களங்கமும் தேய்வும் அங்கு வரவேண்டுவதில்லை. இலக்கியத்தில் இவ்வெல்லையைக் காப்பவர் வாசகர். அவர் முகத்தையும் கண்டவர், மதியையும் கண்டவர். விஞ்ஞான நூலிலோ உவமேயத்தை வாசகர் ஒருபோதும் நேரிற் கண்டிலர். ஆதலின் உவமானத்தின் குணங்கள் அனைத்தும் தடையின்றி உவமேயத்தின்மேல் ஏறிவிடுகின்றன. அத்தகைய நூலை மதிப்பிடுவோர் அதன் உருவகங்களையே முதலிற் சோதித்தல் வேண்டும் என்பது என் கருத்து.

எரிக் கண்டெல் என்னும் நரம்பியலறிஞர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட, 'நினைவைத் தேடி' எனப் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் இவ்வாறு சோதிக்கத்தக்கது. 1929இல் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1938இல் ஹிட்லரின் ஆட்சி ஒஸ்திரியாவை விழுங்கியதைச் சிறுவனாயிருந்து கண்டு, அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவர் அவர். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வரலாறும் இலக்கியமும் பயின்றபின் மருத்துவம் கற்றார். மனத்தை அறியப் புகுந்து நரம்புக்கலத்தை வந்தடைந்தார். 2000ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆவிட் கார்ல்சன், போல் கிறீன்காட் ஆகிய இருவருடன் பகிர்ந்துகொண்டார். ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நீலநிற விளையாட்டு மோட்டார் வண்டியும், அதற்கு இரு நாள் கழித்துக் கதவைத் தட்டிக் குடும்பத்தை வெளியேற்றிய காவலரும் அறுபதாண்டுக்கு மேலாகியும் தம் உள்ளத்தில் மறையாதிருப்பது எவ்வாறு என்னும் வினாவே நூலுக்குக் கால்கோள். விஞ்ஞானப் பட்டம் பெறாத என் போன்ற ஆசிரியரும் இடையில் மூடிவைக்காது படித்து முடிக்கத்தக்க விஞ்ஞான நூல்கள் சிலவே. இஃது அவற்றுள் ஒன்று.

அவ்வினாவின் கடினம் யாதெனின், நரம்பின் காலமும் நினைவின் காலமும் ஒன்றோடொன்று பொருந்தாமையே. ஓய்விலிருக்கும் நரம்புக்கலத்தின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க ஏறத்தாழ 70 மில்லிவோற்று மறையழுத்தத்தில் உள்ளது. கணத்தாக்கம் எழும்போது சோடியம் அயன்கள் உட்புகுந்து அவ்வழுத்தத்தை ஏறத்தாழ 100 மில்லிவோற்று உயர்த்துகின்றன. பொற்றாசியம் அயன்கள் வெளியேறப் பழைய நிலை மீள்கின்றது. ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்களவில் எல்லாம் முடிந்துவிடும். கலத்தின் புரதங்களும் நிலையானவையல்ல. சில மணி, சில நாள், சில வாரம் என்னும் எல்லைக்குள் பெரும்பாலானவை சிதைய, புதியன அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. மின்னி மறைவதொன்று, ஓயாது புதுப்பிக்கப்படும் கட்டடத்தில் அறுபதாண்டு நிலைபெறுவது எங்ஙனம்? புரதத்தை ஆக்கும் கட்டளை கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ.யில் இருத்தலின், கணத்தாக்கத்தின் செய்தி கருவை எட்டியாகவேண்டும். எப்பரம்பரையலகு எப்பொழுது பிரதியெடுக்கப்படும் என்பதனை அஃது மாற்றவேண்டும். 1963இல் பிளெக்ஸ்னரும் அவர்தம் துணைவரும், புரத ஆக்கத்தைத் தடுக்கும் பியூரோமைசின் என்னும் மருந்தைச் சுண்டெலிகளின் மூளையிற் செலுத்தி, கற்றது அழிதலைக் கண்டபோதே இவ்வூகம் வலுப்பெறத் தொடங்கியது.

விடைகாணக் கண்டெல் தெரிந்துகொண்ட உயிர் அப்லீசியா என்னும் பெரிய கடல் நத்தை. நரம்புக்கலங்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. அவற்றுட் சில ஒரு மில்லிமீற்றர் வரை பருத்து வெறுங்கண்ணுக்கே தெரிவன. தொட்டால் செவுளை உள்ளிழுக்கும் தெறிவினை அதற்கு உண்டு. 24 புலன் நரம்புக்கலங்களும் 6 இயக்க நரம்புக்கலங்களும் அத்தெறிவினையின் உயிர்நாடி. வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால், அதன்பின் மெல்லத் தொட்டாலும் நத்தை செவுளை விரைந்து இழுக்கும். சில நிமிடத்தில் அதனை மறந்துவிடும். இடைவெளி விட்டு ஐந்து முறை கொடுத்தாலோ நாட்கணக்கில் மறப்பதில்லை. நூலின் நடுப்பகுதி முழுவதும் இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டைத் துருவுவதே.

அத்துருவலைக் கண்டெல் விவரிக்கும் திறம் பாராட்டுக்குரியது. ஒரு புலன் நரம்புக்கலத்தையும் ஓர் இயக்க நரம்புக்கலத்தையும் தட்டிலே வளர்த்து, வாலின் அதிர்ச்சியால் உடலிற் சுரக்கும் செரோற்றோனின் என்னும் பொருளைத் துளியாக விட்டனர். ஒரு துளி சில நிமிட வலிமையைத் தந்தது. இடைவெளியோடு இட்ட ஐந்து துளி ஒரு நாளுக்கு மேற்பட்ட வலிமையைத் தந்தது. 1986இல், பிரதியெடுத்தலையும் புரத ஆக்கத்தையும் தடுத்தபோது நெடுநாள் வலிமை மட்டும் கெட்டது; குறுங்கால வலிமை கெடவில்லை. 1990இல் கிறெப் என்னும் புரதம் டீ.என்.ஏ.யிற் பற்றும் இடத்தைப் போன்ற சிறு துண்டுகளைக் கருவினுட் செலுத்தி அப்புரதத்தைத் திசைதிருப்பினர். அப்போதும் நெடுநாள் வலிமையே கெட்டது. 1995இல் அதற்கு எதிரிடையாய் நின்று தடுக்கும் இரண்டாம் கிறெப் புரதத்தை முடக்கினர். ஒரே துளி ஐந்து துளியின் வேலையைச் செய்தது! பெய்லி, சென் ஆகியோரின் நுணுக்குக்காட்டி ஆய்விலோ, பயிற்றிய நத்தையின் ஒரு புலன் நரம்புக்கலத்துக்குரிய இணைப்புமுனைகள் ஏறத்தாழ 1,300இலிருந்து 2,700 ஆகப் பெருகியிருக்கக் காணப்பட்டன. நினைவென்பது உவமையளவில் அன்று, மெய்யாகவே வளர்ச்சியாகும் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இப்பகுதிக்குக் கண்டெல் இட்ட பெயர் 'பரம்பரையலகுகளுக்கும் நரம்பிணைப்புகளுக்கும் இடையே ஓர் உரையாடல்' என்பது. தம் நோபல் உரைக்கும் அதனையே துணைத்தலைப்பாக்கினார். உரையாடலுக்கு இருவர் வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு மறுமொழி பகரவேண்டும். 1997இல் நிகழ்ந்த சோதனையொன்று இவ்வுருவகத்துக்கு நல்ல சான்று. இரு கிளையாய்ப் பிரிந்து இரு இயக்க நரம்புக்கலங்களைத் தொடும் ஒரு புலன் நரம்புக்கலத்தில், ஒரு கிளைக்கு ஐந்து துளியும் மற்றதற்கு ஒரு துளியும் இட்டனர். ஐந்து துளி பெற்ற கிளையின் செய்தி கருவை எட்ட, கரு அனுப்பிய ஆக்கப்பொருள் கலமெங்கும் பரவியது. ஒரு துளியினால் அடையாளமிடப்பட்ட மற்றக் கிளையும் அதனைப் பற்றி நெடுநாள் வலிமை பெற்றது. அடையாளமில்லாத இணைப்பு பெறவில்லை. இங்கு உரையாடல் என்னும் சொல் பொருந்துகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இவ்வுரையாடலில் நரம்பின் மின்மொழி எங்கே? தட்டிலிட்ட செரோற்றோனின் துளி, நரம்பு பேசியதன் பதிலாளே அன்றி நரம்பின் பேச்சன்று. துளி விழும் கலம் தானே கணத்தாக்கம் எழுப்பவேண்டிய கட்டாயமில்லை. கலத்தினுள் சைக்கிளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் பெருகி, ஒரு நொதியம் விடுபட்டு, கருவை நோக்கிச் சென்று கிறெப் புரதத்தின்மேற் பொசுபேற்றை ஏற்றுகின்றது. இதில் இரசாயனம் முழுவதும் உண்டு, மின் இல்லை. இக்குறை வேறொருவர் நூலில் இருந்திருப்பின் பொருட்படுத்தத் தக்கதன்று. கண்டெலோ நூலின் முற்பகுதியிற் கல்வானியின் தவளைக்காலிலிருந்து ஹொட்ச்கின், ஹக்ஸ்லி வரை மின்னின் கதையை ஆர்வத்தோடு சொன்னவர். கணத்தாக்கங்கள் யாவும் ஒரே அளவின. தூண்டலின் வன்மை கணத்தாக்கத்தின் பருமனில் அன்றி மீடிறனிலேயே அமைந்துள்ளது என ஏட்ரியன் கண்டதையும் விளக்கியவர். முற்பகுதியில் விதைத்த அவ்விதையைப் பிற்பகுதியில் அவர் அறுவடை செய்யவில்லை. சுண்டெலி மூளையின் ஹிப்போகம்பஸ் பகுதியைப் பற்றி எழுதுமிடத்துக் கல்சியம் வருகின்றது என்பது உண்மை. அங்கும் அது நொதியங்களின் வரிசையில் ஒரு கண்ணியாகவே வந்து போகின்றது.

கல்சியத்துக்கு இதனினும் உயர்ந்த இடம் உண்டு. நரம்புக்கலத்தின் வெளியே கல்சியம் அயனின் செறிவு, உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு. கணத்தாக்கம் மென்சவ்வின் அழுத்தத்தை மாற்றும்போது அழுத்தத்துக்கு இணங்கும் வாயில்கள் திறக்க, கல்சியம் உட்பாய்கின்றது. மின்மொழி இரசாயன மொழியாக மாறும் இடம் இதுவே. 1986இல் மோர்கன், கரன் என்போர், பொற்றாசியத்தைக் கூட்டிக் கலத்தின் அழுத்தத்தை மாற்றியதும் சில நிமிடத்துள் சி-பொஸ் என்னும் பரம்பரையலகு பிரதியெடுக்கப்படுவதையும், அதற்குக் கல்சியத்தின் உட்பாய்வு வேண்டுமென்பதையும் காட்டினர். அதே ஆண்டில் கிறீன்பேர்க் குழுவினரும் நரம்பின் தூதுப்பொருளால் அப்பரம்பரையலகு விரைந்தெழுதலைக் கண்டனர். 1991இல், உட்பாய்ந்த கல்சியம் கிறெப் புரதத்தின் 133ஆம் இடத்துச் சிரீனிற் பொசுபேற்றை ஏற்றுவித்தே இதனைச் செய்கின்றது எனத் தெளிவித்தனர். கண்டெல் வந்தடைந்த அதே கிறெப் வாயிலை மின்னின் பாதையும் வந்தடைகின்றது.

மின்னையே முதன்மையாக வைத்த மற்றொருவரை ஈண்டு ஒப்புநோக்கல் தகும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டக்ளஸ் பீல்ட்ஸ், 2005 பெப்ருவரியில் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' இதழில் நினைவு நிலைபெறுதலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கண்டெலின் நடையழகு அதில் இல்லை; ஆயினும் அதன் வினா கூரியது. ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கொண்ட கலமொன்றில், எங்கோ தொலைவிலுள்ள இணைப்பிலிருந்து ஒரு மூலக்கூறு கருவரை நடந்துவந்துதான் செய்தி சொல்லவேண்டுமா? பல இணைப்புகள் ஒருங்கே தூண்டினாலன்றோ கலம் கணத்தாக்கம் எழுப்புகின்றது. அக்கணத்தாக்கம் கலவுடலின் மென்சவ்வில், கருவுக்கு அண்மையிலேயே கல்சிய வாயில்களைத் திறந்துவிடுமாயின் தூதன் நடக்கவேண்டிய தேவை ஏது? 2002இல் டியூடெக்கும் பீல்ட்ஸும் எலியின் ஹிப்போகம்பஸ் துண்டங்களில் நரம்பிணைப்பின் வழியன்றி, நீண்ட இழையின் வழியே கணத்தாக்கங்களைப் பின்னோக்கிக் கலவுடலுக்குச் செலுத்தினர். நினைவோடு தொடர்புடைய பரம்பரையலகுகளை எழுப்பும் சைகைகள் அவ்வளவிலேயே தோன்றின.

அதனினும் வியப்புக்குரியது அவருடைய குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு. தட்டில் வளர்த்த சுண்டெலியின் புலன் நரம்புக்கலங்களை மின்வாய்கள் கொண்டு நாட்கணக்கில் தூண்டினர். பத்து விநாடிக்கு ஒருமுறை தூண்டியபோது, கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் எல்-1 என்னும் புரதத்துக்குரிய தூது ஆர்.என்.ஏ. குறைந்தது. விநாடிக்கு ஒருமுறை தூண்டியபோது குறையவில்லை! பத்து மடங்கு மிகுதியாகத் தூண்டினால் பத்து மடங்கு விளைவு வரும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? பரம்பரையலகு மின்னின் தொகையைக் கணக்கிடவில்லை, இடைவெளியைக் கவனித்தது.

பீல்ட்ஸ் முற்றிலும் வென்றார், கண்டெல் தோற்றார் என்று கூறுவது என் நோக்கமன்று. நரம்பிணைப்பிலிருந்து கருவை நோக்கிப் பயணஞ் செய்யும் புரதங்களும் கண்டறியப்பட்டுள்ளன; பாதைகள் பல. கண்டெலின் ஐந்து துளிச் சோதனையிலும் உயிராயுள்ளது இடைவெளியே. நூலின் முற்பகுதியில் அவரே ஓர் எண்ணைத் தருகின்றார். தொட்டுத் தொட்டுப் பழக்கி நத்தையின் தெறிவினையைத் தணிக்கும் பயிற்சியில், 40 தூண்டலை ஒரே தொடராகக் கொடுத்தால் அப்பழக்கம் ஒரு நாளே நின்றது. நாளொன்றுக்குப் 10 ஆக நான்கு நாள் கொடுத்தால் வாரக்கணக்கில் நின்றது. தூண்டலின் தொகை இரண்டிலும் ஒன்றே. இத்தகைய சான்றைக் கையில் வைத்திருந்தும், பரம்பரையலகைப் பற்றிப் பேசுமிடத்து அவர் ஆளி என்னும் உருவகத்தையே கையாளுகின்றார். கிறெப் ஆளியைப் போட்டால் நெடுநாள் நினைவு எரிகின்றது. எதிர்க் கிறெப் அதனை அணைக்கின்றது. வீட்டுச் சுவரிலுள்ள ஆளிக்கு இரு நிலைகளே. அதனை மெல்ல அழுத்தினாலென்ன, வேகமாய் அழுத்தினாலென்ன, பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் அழுத்தினாலென்ன? காலம் என்பது ஆளிக்கு இல்லை. பொதுத்தன்மை அல்லாத குணம் உவமேயத்தின்மேல் ஏறிவிடுதல் என்று நான் முன்னர்க் கூறியது இதனையே.

ஆளி உருவகம் ஆராய்ச்சியாளரையும் மயக்கியதுண்டு. 1995இல் பழ ஈக்களிற் கிறெப்பை மிகுவித்தபோது ஒரே பயிற்சியில் நெடுநாள் நினைவு தோன்றியது என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. 2004இல் வேறு குழுவினர் மீள ஆராய்ந்து, அச்சோதனையிற் கையாண்ட பரம்பரையலகே பிழைபட்டிருந்தமையைக் காட்டினர். ஹிப்போகம்பஸ் கலங்களில் 1996இற் செய்த ஆய்வோ, சில விநாடித் தூண்டலும் கிறெப்பின்மேற் பொசுபேற்றை ஏற்றும், ஆயினும் அது விரைவில் நீங்கிவிடும் என்றும், சில நிமிடம் நீடித்த தூண்டலின் பின் பொசுபேற்று நீங்காது நின்றாலன்றிப் பரம்பரையலகு எழுவதில்லை என்றும் காட்டியது. அதாவது ஆளியை அழுத்தியவுடன் விளக்கு எரிவதில்லை. அழுத்திய கை நிற்கும் நேரமும் கணக்கில் வருகின்றது.

இதனினும் பொருத்தமான உருவகம் தாளம் என்பேன். மிருதங்கத்தில் விழும் அடிகளின் தொகையன்று, அவற்றுக்கிடையிலுள்ள காலமே தாளம். தாளமும் உருவகமே, அதற்கும் எல்லை உண்டு. கலம் கேட்பதில்லை, சுவைப்பதுமில்லை. உட்பாய்ந்த கல்சியம் வெளியேற்றப்பட ஒரு காலம், நொதியம் விழித்தெழ ஒரு காலம், அது ஓய ஒரு காலம் எனப் பல காலங்கள் கலத்தினுள் உண்டு. வரும் கணத்தாக்கத்தின் இடைவெளி அவற்றுள் எதனோடு இயைகின்றதோ அப்பாதை வலுக்கின்றது. இவ்வளவே பொதுத்தன்மை.

ஆசிரியர்க்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. பரீட்சைக்கு முந்திய வாரத்திற் பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றிவிடலாம் என்று நம்பும் பெற்றோரும், அந்நம்பிக்கையில் வளரும் தனியார் வகுப்புகளும் நம்மிடையே உண்டு. நத்தையின் செவுளிலிருந்து மாணவனின் தலைக்கு நேராகத் தாவுதல் கூடாதுதான். ஆனால் பிரித்துக் கற்றல் ஒரே தொடராய்க் கற்றலினும் நிலைக்கும் என்பதை எபிங்ஹவுஸ் 1885இலேயே தம்மீது நடத்திய சோதனைகளாற் காட்டியுள்ளார். நத்தை அதன் காரணத்திற் சிறு பகுதியைக் காட்டுகின்றது. ஆளி என்று படித்தவர், எப்படியேனும் ஆளியைப் போட்டுவிட முயல்வர்; மருந்துவில்லையிலும் அதனைத் தேடுவர்.

மற்றொரு கேடு 'தலையெழுத்து' என்னும் பழஞ்சொல் புதிய வேடம் பூண்டு வருதல். 'அவனுக்குக் கணிதம் வராது, அது பரம்பரை' என்று ஆசிரியர் அறையிற் கூறுவது அரிதன்று. பரம்பரையலகின் எழுத்துக்கள் பிறப்போடு வந்தவையே. அவ்வெழுத்துக்களுள் எவை இன்று படிக்கப்படுகின்றன என்பதை இன்றைய கணத்தாக்கங்களும் தீர்மானிக்கின்றன என்பதே இவ்வாராய்ச்சியின் உயிர். இதனை எதிர்ப்பக்கமாக மிகைப்படுத்தி, மனம் வைத்தால் எழுத்தையே மாற்றலாம் என்பாரும் உளர். கற்றலால் எழுத்து மாறுவதில்லை. 2015இல் லீ-ஹுவேய் சாயும் அவர்தம் குழுவினரும், நரம்புக்கலம் தூண்டப்படும்போது சி-பொஸ் போன்ற பரம்பரையலகுகளின் தொடக்கத்தில் டீ.என்.ஏ. இழை அறுபட்டு, பின் இணைக்கப்படுகின்றது எனக் கண்டனர். வாசிப்பதற்காக இழையை அறுத்தலே அது. இன்னொரு பக்கத்தில், கிறெப்போடு சேர்ந்து இயங்கும் சி.பி.பி. என்னும் புரதத்துக்குரிய பரம்பரையலகு பழுதுபட்டாற் பிள்ளைகளுக்கு ரூபின்ஸ்ரீன்-ரேபி என்னும் நோய் வருவது 1995இல் தெரியவந்தது; அந்நோயோடு கற்றற்குறைபாடும் இணைந்திருக்கும். அப்பிள்ளைகளை நோக்கி முயற்சி போதாது என்பது கொடுமை. எழுத்தும் வேண்டும், அதனைப் படிக்கும் வழியும் வேண்டும்.

இவ்விடத்தில் நம் கலைச்சொல்லும் குற்றமற்றதன்று. 'பரம்பரையலகு' என்ற சொல் தலைமுறைக்குத் தலைமுறை கையளிக்கப்படுவது என்னும் ஒரு குணத்தையே பெயராக்கிவிட்டது. அதே அலகு உயிருள்ள நாளெல்லாம் கலத்தினுள் மணிதோறும் புரிகின்ற தொழில் அப்பெயரில் இல்லை. 'வெளிப்பாடு' என்னும் சொல்லோ, உள்ளே மறைந்து கிடந்தது தானே வெளிவருதல் போன்ற மயக்கத்தைத் தருகின்றது. கண்டெலின் நூலைத் தமிழில் ஆக்க முன்வருவோர் இவ்விரு சொல்லையும் சேர்த்துப் 'பரம்பரையலகு வெளிப்பாடு' என்று எழுதினால், மின்னால் எழுப்பப்படுவது என்னும் பொருள் வாசகர்க்கு எட்டாது போகும். 'பரம்பரையலகு பிரதியெடுக்கப்படுதல்' என்று சொல்லின் நீளத்தைப் பொறுத்துக்கொள்வது மேல். எடுப்பது யார், எப்பொழுது எடுக்கின்றார் என்ற வினாக்கள் அச்சொல்லோடு தாமே எழும்.